வெளிறிய படமும் ஓக் அலமாரியும்

இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபடும் என்று போன வாரம் முடிவு செய்தேன். விவகாரம் ஒரு சுவர். எங்கள் வரவேற்பறையில் பெரிய சுவர் ஒன்றுதான் உண்டு. பல வருஷமாக அதில் என் ப்ரொஜெக்டர் படம் காட்டிவருகிறது. என் மனைவி ஃபென்னாவின் அத்தை முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன் ஓக் அலமாரியை இவளுக்குக் கொடுத்துவிட்டார். தேவாலயக் கதவு அளவு அலமாரி. அதற்கும் அதே சுவர்தான் வேண்டுமாம்.

"உன் படம் தண்ணி ஊத்தின மோர் மாதிரி இருக்கு. அதுக்கு எதுக்கு ஒரு சுவர்?"

"பழைய மிஷின் ஃபென்னா. கொஞ்சம் கவனிச்சா போதும்."

"சரி, கவனி. ஞாயித்துக்கிழமை மேட்ச். மூணு மணிக்கு எனக்குப் பந்து தெரியணும். தெரியலைன்னா சுவர் அலமாரிக்கு."

"தெரிஞ்சா?"

"அலமாரி என் தம்பி கொட்டகையிலேயே கிடக்கட்டும்."

வேலையில் இறங்கினேன். ஃபில்டரைக் கழற்றினால், ஒரு பூனைக்குட்டியையே செய்துவிடலாம், அவ்வளவு தூசி. மூக்குக்கண்ணாடித் துணியால் லென்ஸைத் துடைத்தேன். துணியிலிருந்த வெண்ணெய் லென்ஸில் குடியேறியது. மறுபடி துடைத்தேன். புது விளக்கு மாட்டினேன். வளையத்தைத் திருகித் திருகி எழுத்தைக் கூர்மையாக்கினேன். மங்கல் போனது, மஞ்சள் போனது. வெளிறல் மட்டும் போகவில்லை. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் ஆட்டக்காரர்கள் பிசாசு மாதிரி தெரிந்தார்கள். குறைத்தால் மைதானத்தையே காணோம்.

ஞாயிறு மதியம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஃபென்னா காபிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஜன்னல் வெளிச்சமா இருக்குமோ? எனக்கென்ன தெரியும், நான் மிஷினைப் பத்தி என்னத்தைக் கண்டேன்."

எங்கள் தெருவில் பகலில் யாரும் திரைச்சீலையை மூடுவதில்லை. நான் ராட்டர்டாம் நகரத்தில் வளர்ந்தவன். நாட்டின் கிழக்கு ஓரத்திலுள்ள இந்தக் கிராமத்துக்கு மாப்பிள்ளையாக வந்தவன். ஏன் மூடுவதில்லை என்று கேட்டதே கிடையாது. மறைக்க ஒன்றுமில்லை என்கிற பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

இழுத்து மூடினேன். ஆகா, புல்லின் நுனிகூடத் தெரிந்தது. கோல்கீப்பர் முகச்சவரம் செய்யாததும் தெரிந்தது.

"ஃபென்னா, சீக்கிரம் வா. வந்து பாரு."

"இரு, மணி இன்னும் மூணு ஆகலை. காபி இறங்குது."

அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். மேசை நிறையக் கப்புகள்.

"நாம ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தனை?"

"கழுவி வச்சிருக்கேன்."

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு லாமர்ட், கறுப்புக் கோட்டில். பின்னால் இன்னும் ஐந்து ஆண்கள், தொப்பியைக் கையில் பிடித்தபடி. என்னைக் கண்டதும் லாமர்ட் ஒரு அடி பின்வாங்கினார்.

"நீ உயிரோடவா இருக்க?"

"மேட்ச் பாக்கப்போறேன்."

"அப்போ ஃபென்னாவா?"

"நான் காபி போட்டுக்கிட்டிருக்கேன் லாமர்ட்" என்று உள்ளேயிருந்து குரல்.

"பின்ன யாரு செத்தது? பட்டப்பகல்ல திரையை மூடியிருக்கீங்க."

இங்கே பகலில் திரையை மூடினால் சாவு வீடு என்று அர்த்தமாம். மூடியதும் அக்கம்பக்கத்து ஆறு ஆண்கள் சவப்பெட்டி தூக்க வந்துவிட வேண்டும், அது முறை. நான் குடிவந்த நாள் முதல் எங்கள் தெருவில் ஒருவரும் சாகவில்லை. எல்லோருக்கும் ஆயுசு கெட்டி. அதனால் எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்த என் மனைவிக்குத் தெரியும்.

"வீட்டுக்கு வந்தவங்களை இருட்டுலயா உக்கார வைப்ப?" என்று அவள் திரையைத் திறந்தாள். ஜூன் மாத வெயில் முழுசாக உள்ளே வந்தது. என் புல், கோல்கீப்பர், தாடி, எதையும் காணோம்.

"மணி மூணு. லாமர்ட், பந்து தெரியுதா?"

"எந்தப் பந்து? வெறும் சுவர்தான் இருக்கு. நல்ல சுவர்."

"இது அநியாயம் ஃபென்னா. இவங்க வருவாங்கன்னு உனக்குத் தெரியும்."

"நான் உன்னைத் திரையை மூடுன்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

காபி முடிந்தது. வாசலில் மச்சானின் டிராக்டர் வந்து நின்றது, பின்னால் அலமாரியோடு. தூக்குவதற்கென்று வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் நன்றாக இருக்காது என்று லாமர்ட் கோட்டைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

பக்கத்துக்கு மூன்று பேர், ஒரே சீரான நடை, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவந்தார்கள். வேறென்ன செய்ய, நானும் எழுந்து தலையைக் குனிந்துகொண்டேன்.