வில்லன் வாயை மூடிய பிறகும்

திரையில் வில்லன் வாயை மூடி நான்கு வினாடி ஆகியிருந்தது. குரல் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பிங் டைரக்டர் அம்மாள் கையை ஆட்டினார். "சார், 'என்னை மன்னிச்சிடு', அவ்வளவுதான் வசனம். 'உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன், டாக்டர் சொல்லியும் நீ கேக்கலை'ன்னு எங்கேயிருந்து வந்துச்சு? இவன் நகரத்தையே கொளுத்தினவன். இதுல டாக்டர் யாரு?"

குரல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாக, பறக்கும் வீரன் படங்கள் ஐந்திலும் வில்லனுக்குக் குரல் அவர்தான். வீட்டில் மனைவியே "வில்லன் குளிச்சாச்சா?" என்றுதான் கேட்பாள். இன்று கடைசிப் பாகம். வில்லன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான், வீரன் மன்னிக்கிறான், படம் முடிகிறது.

"அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கேம்மா."

"இருந்தா? எரிஞ்ச வீடெல்லாம் திரும்பி வந்துடுமா? நானா இருந்தா மன்னிக்கவே மாட்டேன்."

குரல்காரர் தாளில் அந்த வசனத்தை இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குத் தெரிந்த வீரனும் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் மூன்று பாகங்களுக்கு வீரனும் வில்லனும் ஒரே அறையில், ஒரே மைக் முன்னால் தோள் உரசி நின்று பேசியவர்கள். மேலே திரையில் கட்டடங்கள் இடிந்து விழும். கீழே ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள். வீரனுக்குக் குரல் கொடுத்த நண்பர் தாள் புரட்டும் சத்தத்தை மறைக்கவே இவர் பல இடங்களில் இடிபோலச் சிரித்திருக்கிறார். ஜனங்கள் அதற்குக் கைதட்டினார்கள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பிறகு நண்பரின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஆறு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். நண்பர் கேட்பதாயில்லை. இவர் நேரே தயாரிப்பாளரிடம் போய், "அவன் குரல் போச்சு, நாலாம் பாகத்துக்கு வேற ஆளைப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். தொண்டை பிழைத்துக்கொண்டது. நட்புதான் போயிற்று. ஒன்பது வருடமாக ஒரு வார்த்தை இல்லை. ஐந்தாம் பாகத்துக்கு நண்பர் திரும்பி வந்திருக்கிறார் என்று கேள்வி. ஆனால் இப்போதெல்லாம் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு நேரம்.

இரண்டாவது முறை குரல்காரர் துக்கத்தை அடக்கிக்கொண்டு பேசினார். ஜலதோஷம் பிடித்தவன் மிரட்டுவதுபோல் வந்தது. மூன்றாவது முறை அடக்கவில்லை. விசும்பல் மைக்கில் மோதியதில் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"ஹீரோ குரலை என் காதுல போடுங்க. அவன் பேசினாத்தான் எனக்கு வரும்" என்றார் குரல்காரர்.

"கொஞ்சம் இருங்க" என்று இன்ஜினியர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

"என்னை மன்னிச்சிடு."

காதில் அந்தப் பழைய குரல் கேட்டது. "மன்னிச்சுட்டேன். எழுந்திரு."

குரல்காரரின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் திருப்தி இல்லை. "எழுதிக் குடுத்ததைப் படிக்கிறான்மா. மனசுல இருந்து வரலை. வேற டேக் இருந்தா போடுங்க."

மறுபடி கேட்டார். மறுபடி பதில் வந்தது. "மன்னிச்சுட்டேன். எழுந்திருடா."

அம்மாள் தாளைப் புரட்டினார். "'டா' எங்கேயிருந்து வந்துச்சு? இன்னிக்கு ஆளாளுக்கு வசனம் எழுதறீங்களா?"

"இன்னொரு தடவைம்மா, கடைசித் தடவை" என்று கெஞ்சிவிட்டு, குரல்காரர் நிஜமாகவே மண்டியிட்டார். "என்னை மன்னிச்சிடு."

"அதான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன்ல, எழுந்து தொலைடா!"

குரல்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். "கேட்டீங்களா? ரெக்கார்டிங்லயே எரிஞ்சு விழறான். ஒன்பது வருஷம் ஆகியும் கோபம் போகலை. எனக்குப் பதிலா வேற ஆளைப் போடுங்கம்மா. இந்த வில்லனுக்கு மன்னிப்புக் கிடைக்காது."

அம்மாள் இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "யோவ், இது எந்த டேக்?"

"டேக்கே இல்லைம்மா, அவர் பக்கத்து ரூம் மைக்குல நேராப் பேசிட்டிருக்கார்" என்றார் இன்ஜினியர். "எத்தனை தடவைதான் மன்னிக்கிறது, ரெண்டு டீயும் ஆறிப்போகுது, அவனைச் சீக்கிரம் வரச்சொல்லுங்கறார்."