லென்ஸ் எடுத்த சிறுத்தை

"இந்தச் சிறுத்தைய யாருய்யா எடுத்தது?"

ஜெரோதிச் போட்ட சத்தத்தில், சமோசாத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த சிப்பந்தி ஒரு கணம் நின்றுவிட்டான். நகுரு ஏரிக்கரை ஹோட்டலின் பெரிய ஹாலில் கண்காட்சி திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நீங்கதானக்கா எடுத்தீங்க" என்றான் நியாகுண்டி. கண்காட்சியை நடத்துகிறவன் அவன். கழுத்தில் புது டை, விரலெல்லாம் பசை.

"அப்ப அட்டையில நான் எங்க?"

படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'அத்திமரத்துச் சிறுத்தை: அறுநூறு எம்.எம். லென்ஸின் அற்புதம்' என்று இருந்தது. தடித்த எழுத்தில் லென்ஸ் இருந்தது. மெல்லிய எழுத்தில்கூட ஜெரோதிச் இல்லை.

"ஜனங்க மொதல்ல லென்ஸைத்தானக்கா கேக்கறாங்க. அதான்..."

"ஏன், லென்ஸ் தானா ஜீப்புல ஏறி மாராக் காட்டுக்குப் போச்சா? கழுதைப்புலிக் கூட்டம் எப்ப கலையும், சிறுத்தை எப்ப எறங்கும்னு மழையில காத்துக் கெடந்துச்சா? ஒண்ணுக்குக்கூட எறங்காம அடக்கிக்கிட்டு ஒக்காந்துச்சா?"

"அக்கா, மெதுவா. பாதிரியார் வந்துட்டாரு."

"அவரும் கேக்கட்டும்!"

பாதிரியார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போன வருஷம் அவர் தங்கை கல்யாணத்துக்கு ஜெரோதிச் படம் எடுத்துக் கொடுத்தபோது, "அருமை, கேமரா ரொம்ப நல்ல கேமரா போல" என்று ஆசீர்வதித்தவர் அவர்தான். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அவள் கூடப் பிறந்த அக்காவே, யார் வந்தாலும் "எங்க ஜெரோதிச் கிட்ட பீரங்கி மாதிரி ஒண்ணு இருக்கு, அது எடுக்கும் பாரு படம்!" என்றுதான் சொல்வாள். இத்தனை காலமாக அதையெல்லாம் விழுங்கி விழுங்கி ஜெரோதிச்சின் தொண்டையில் ஒரு சிறுத்தையே உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அது இறங்கிவிட்டது.

"இப்பவே மாத்தறேன்" என்று நியாகுண்டி ஓடினான். திரும்பி வந்து புது அட்டையை ஒட்டினான். ஜெரோதிச் குனிந்து படித்தாள்.

'லென்ஸ்: அறுநூறு எம்.எம். உதவி: ஜெரோதிச்.'

"உதவியா?"

"பேரு வந்துருச்சுல்லக்கா."

அவள் அட்டையைப் பிடித்து இழுத்தாள். பசை நல்ல பசை. அட்டையோடு சிறுத்தையின் வால் நுனியும் கிழிந்து வந்தது.

"ஐயோ அக்கா!"

"நீ பேசாத!"

அதற்குள் கதவு திறந்து கூட்டம் உள்ளே வந்துவிட்டது. கிழிந்த வாலை மறைக்க ஜெரோதிச் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டாள். அதனால் வந்தவர்கள் எல்லோரும் நேராக அவளிடமே கேட்டார்கள்.

"எவ்ளோ பக்கத்துல தெரியுது! என்ன லென்ஸும்மா?"

"நாந்தாங்க எடுத்தேன்."

"அது சரிம்மா. எதுல எடுத்தீங்க?"

அடுத்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். சிறுத்தையின் கண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். ஜெரோதிச்சுக்கு நெஞ்சு நிறைந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"ம்ம்... இந்த மாதிரி லென்ஸ் மட்டும் என்கிட்ட இருந்தா நானும்தான் எடுப்பேன்."

அவ்வளவுதான். ஜெரோதிச் தோள்பைக்குள் கையை விட்டாள். கேமரா வாங்கும்போது கூடவே வரும் குட்டி லென்ஸ் ஒன்று அடியில் கிடந்தது. பிளாஸ்டிக் உடம்பு, உள்ளங்கை அளவு. அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"எல்லாரும் பாத்துக்கங்க! இந்த டப்பாவுலதான் எடுத்தேன்! போதுமா?"

சொன்னது பச்சைப் பொய். இதில் எடுத்திருந்தால் அத்திமரம் இருந்திருக்கும். சிறுத்தை இருந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும். கோபத்துக்குத் தெரியவில்லை.

"இதுலயா?" என்று ஒரு குரல் சிரித்தது.

கதுங்கு. ஊரில் கேமராக் கடை வைத்திருப்பவர், கண்காட்சிச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்ட பெரிய மனிதர். உடம்பெல்லாம் பைகள் வைத்த பச்சைச் சட்டை, அதற்குள் அடங்காத தொப்பை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த டப்பாவுல சிறுத்தையா? யாருக்கும்மா காது குத்தற? இதுல என் மாமியாரையே எடுக்க முடியாது."

கூட்டம் சிரித்தது.

"எடுக்கத் தெரிஞ்சவ கையில எது இருந்தாலும் போதும் சார்."

"அப்படியா? தோட்டத்துல கொரங்கு இருக்கு. உன் பீரங்கி லென்ஸ என்கிட்ட குடு. நீ உன் டப்பாவ வெச்சுக்க. எது ஜெயிக்குதுன்னு பாத்துருவோம்."

"எது இல்ல சார். யாரு!"

"பாப்போம், பாப்போம்."

கதுங்கு போனை எடுத்து ஓரமாக யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார். டீக்கோப்பையும் சமோசாவுமாக மொத்தக் கூட்டமும் தோட்டத்துக்கு இறங்கியது.

மஞ்சள் பட்டை வேலமரங்களில் குரங்குகள் இருந்தன. கறுத்த முகம், சாம்பல் உடம்பு, பிறவித் திருடர்கள். கதுங்கு பீரங்கியைத் தூக்கிக் குறி பார்த்தார். அந்த லென்ஸுக்குக் குரங்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. பின்னால் ஓர் அடி வைத்தார். அப்போதும் பக்கம். இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று போய் ரோஜாப் பாத்திக்குள் உட்கார்ந்தார். முள் குத்தி எழுந்த வேகத்தில் லென்ஸ் முனை கிளையில் இடித்தது. குரங்குகள் கீச்சென்று கலைந்தன.

"சார், அது என் லென்ஸு!" என்று ஜெரோதிச் அலறினாள்.

"லென்ஸா முக்கியம்? ஆளுதானம்மா முக்கியம்?" என்றார் கதுங்கு. கூட்டம் மறுபடி சிரித்தது.

ஜெரோதிச்சுக்குக் கண் சிவந்தது. குரங்குகளைப் பார்க்காமல், அவற்றுக்கு முதுகு காட்டிப் புல்லில் உட்கார்ந்தாள். முறைத்துப் பார்த்தால் குரங்கு சண்டைக்கு வரும். எங்கேயோ பார்க்கிறவளை அது மறந்துவிடும். மெல்ல மெல்ல அவை இறங்கி வந்தன. ஒரு கடுவன் குரங்கு பாய்ந்து பாதிரியார் கையிலிருந்த சமோசாவைப் பிடுங்கியது.

எல்லோரும் அதன் பின்னாலேயே பார்த்தார்கள். ஜெரோதிச் மட்டும் குட்டியை வைத்துக்கொண்டு வேரடியில் உட்கார்ந்திருந்த பெட்டையைப் பார்த்தாள். திருடன் எங்கே வருவான் என்று அந்தப் பெட்டைக்குத் தெரிந்திருந்தது. பெட்டையின் பார்வை போன திசை ஜெரோதிச்சுக்கும் போதும். அக்கா தைத்துக் கொடுத்த பட்டுக் கவுனோடு ஈர மண்ணில் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்து, கைக்கெட்டும் தூரத்தில் போய்க் கிடந்தாள். மூச்சைப் பிடித்தாள்.

ஒரே ஒரு கிளிக்.

ஹால் திரையில் முதலில் கதுங்கின் படம் வந்தது. ஒரு காது, அதுவும் கலங்கலாக. இந்தப் பக்கத்துக் காதா அந்தப் பக்கத்துக் காதா என்று டீச்சர் கேட்டாள்.

அடுத்து ஜெரோதிச்சின் படம். கடுவனின் வாயை இரண்டு கையாலும் பிளந்து, கன்னத்துப் பையில் ஒளித்த சமோசாவைப் பெட்டை வெளியே இழுக்கிறது. கடுவன் முகத்தில், சம்பளத்தைக் குடித்துவிட்டு வீட்டில் மாட்டிக்கொண்ட புருஷனின் முழி. குட்டி நடுவில் கையை நீட்டுகிறது.

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிரியார் எழுந்து நின்று கை தட்டினார். கதுங்கு தலையைச் சொறிந்தார்.

மண் அப்பிய கவுனோடு ஜெரோதிச் மேடையில் ஏறினாள்.

"இப்ப சொல்லுங்க. படம் எடுத்தது யாரு?"

டீச்சர் எழுந்தாள்.

"அந்தக் குட்டி லென்ஸ ஒரு தடவ கையில குடுங்களேன், பேரு பாத்துக்கறேன்."

"எனக்கும்!" என்றார் பாதிரியார்.

"தள்ளுங்க சார், நான் போட்டோ பிடிச்சுக்கறேன்!"

கூட்டம் மேடைக்குப் பாய்ந்தது. லென்ஸ் கைக்குக் கை போனது. ஒருவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நியாகுண்டி ஓடி வந்து சிறுத்தைப் படத்தின் கீழே மூன்றாவது அட்டையை ஒட்டினான். 'குட்டி லென்ஸின் அற்புதம்.'

ஜெரோதிச் மேடையை விட்டு இறங்கினாள். விடுவிடுவென்று வெளியே நடந்தாள்.

ஹோட்டல் வாசலில் ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் அட்டைப் பெட்டிகளை இறக்கி உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் காரில் கதுங்கின் மனைவி வாங்கேஷி சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஜெரோதிச்சின் பீரங்கி துடைத்துப் பத்திரமாக இருந்தது.

"இந்தாம்மா. ஒரு கீறல்கூட இல்ல. அவரே பாத்து வெச்சாரு."

ஜெரோதிச் வாங்கிக்கொண்டாள். மிச்சமிருந்த கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டும்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கக்கா, பீரங்கிய வெச்சுக்கிட்டு ஒரு கொரங்கக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியலைன்னு. நல்லா அசிங்கப்பட்டுட்டாரு!"

வாங்கேஷி சோளத்தை இறக்கினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே காட்டுலதாம்மா அவரு படம் எடுக்கறாரு, எங்க கடையில அந்தக் குட்டி லென்ஸு மூட்டை மூட்டையா விக்காமக் கெடந்துச்சு, நீ அதத் தூக்கிக் காட்டுனதுமே போன் போட்டு வேன வரச் சொல்லிட்டாரு."