மூணுதரம் அண்ணனும் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரும்

நானெல்லாம் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவள். காலடிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் நாலு கம்ப்யூட்டரும் வைத்துப் பிழைக்கிறேன். அடுத்தவர் எழுதியதைப் பிரதி எடுத்துத் தந்துதான் எனக்குப் பழக்கம். புது ஆள் யாராவது வந்து "எவ்ளோங்க?" என்று கேட்டாலே வேர்த்துவிடும். அதற்காகவே விலையைச் சுவரில் எழுதி ஒட்டி, விரலால் காட்டிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னையே பேனா எடுக்க வைத்தார் என்றால், மூணுதரம் அண்ணன் கொடுத்த பேஜாரு எப்படியிருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்தவர்கள் எத்தனையோ பேர். கம்ப்யூட்டர் பயந்தது இவர் ஒருவரைப் பார்த்துத்தான்.

அண்ணனுக்குத் தொழில், காசிமேட்டில் மீன் ஏலம் கூவுவது. "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!" என்று அவர் முடித்தால், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலில் தூங்கும் கேப்டன் எழுந்து உட்காருவார் என்பார்கள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. எடுத்துப்போட்ட டாக்டர், "பேசலாம், கத்தக் கூடாது. கத்தினா குரல் போயிடும், திரும்ப வராது" என்று சொல்லி அனுப்பினார். சங்கிடம் போய் ஊதாதே என்றது போல.

தை மாதம் ஒரு நாள் அவர் மனைவி கஸ்தூரி அக்கா, தலையிலிருந்த மீன் கூடையை என் கடை வாசலில் இறக்கினார். பின்னாலேயே அண்ணன்.

"யம்மா, இந்தாள இங்க குந்த வச்சிக்கோ. வெப்சைட்டு செய்யக் கத்துகினா வூட்டுல இருந்தே துட்டு பாக்கலாம்னு எவனோ வீடியோல சொல்லிக்கிறான். வாயத் தொறக்காம சம்பாரிக்கிற தொழிலு இவுருக்கு இது ஒண்ணுதான் கீது. வைகாசி கடைசில மீன்புடி தடைக்காலம் முடிஞ்சா ஏலத்து முதலாளி கூப்புடுவாரு. அதுக்குள்ள இதுல ஒரு ரூவாயாச்சும் பாக்கலனா, மறுபடியும் கூவப் பூடுவாரு. அப்பறம் குரலே இருக்காது."

"சரிக்கா" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்கு எப்போதுமே தைரியம் வந்ததில்லை.

அண்ணன் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். வீடியோவில் ஒருவர் பாடம் நடத்த, அதையே அண்ணன் மறுபடியும் எனக்கு நடத்துவார்.

"ஒண்ணியும் இல்லமா. டேக்குனு ஒண்ணு எழுதறோமே, தொறந்தத மூடணும், அவ்ளோதான். ஐஸ் பொட்டி மாரி. ஒரு பொட்டிய மூடாம வுட்டா உள்ள கீறது அம்புட்டும் நாறிப்பூடும்."

புரிந்துகொண்டது சரிதான். ஆனால் ஒவ்வொரு டேக்கை மூடும்போதும் ஊருக்கே அறிவிப்பார். மூட மறந்து பக்கம் கோணிக்கொண்டால், "எவன்டா இங்க மூடல?" என்று ஒரு சத்தம். ஆதார் கார்டு நகலெடுக்க வந்த பெரியவர், கார்டை விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார். 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதி அவர் தலைக்கு நேரே ஒட்டினேன். அதையும் தெருமுனை வரை கேட்கும்படி வாசித்தார்.

"கரெக்ட்டுமா! எவன் போடறான்?"

கஸ்தூரி அக்கா கூடையோடு ஓடிவருவார். "கத்துனாரா?"

"லேசாக்கா…"

"மார்க்கெட்டாண்ட கேட்டுச்சி!"

இதற்கே நான் பாதியாகிவிட்டேன். பங்குனியில் வேலை பிடிக்கிற வெப்சைட்டில் சேர்ந்தார். வேலை வைத்திருப்பவர்கள் அதில் அறிவிப்பார்கள். தெரிந்தவர்கள் 'இவ்வளவுக்குச் செய்கிறேன்' என்று விலை சொல்லவேண்டும். விலை சொல்வது என்றதும் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டினார்.

உலகமே விலையைக் குறைத்துக்கொண்டு நிற்க, இவர் மட்டும் ஏற்றினார்.

"அண்ணே, கம்மியா சொன்னாதான் வேலை தருவாங்க."

"இன்னாமா நீ? வெல எறங்குதுனா சரக்கு கெட்டுப்போச்சுனு அர்த்தம். நான் இன்னா கெட்டுப்போன மீனா?"

அதோடு விட்டாரா? மூன்று தரம் சொல்லாத விலை அவருக்கு விலையே இல்லை. ஒரே வேலைக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏற்றி மூன்று முறை அனுப்புவார். இது மனிதன் செய்கிற காரியமில்லை என்று வெப்சைட் முடிவுகட்டி, 'நீங்கள் மனிதர்தானா?' என்று கேட்டுக் கதவை மூடியது.

"யார்ரா நீ, என்னாண்ட வந்து மனுசனானு கேக்கறது!" என்று கிளம்பிய குரலில் என் ஜெராக்ஸ் மிஷின் இரண்டு தாள் எக்ஸ்ட்ராவாகத் துப்பியது.

கெஞ்சிக் கூத்தாடித் திறந்த பிறகு, ஒரே ஒருவர் பதில் போட்டார். கோயம்புத்தூரில் கேக் கடை வைத்திருக்கும் அம்மா. 'மூணு விலை சொல்றீங்க, மூணும் ஏறுது. யாருங்க நீங்க?' என்று கேட்டு, முதல் விலைக்கே வேலையைக் கொடுத்தார். நன்றி சொல்ல அண்ணன் போன் போட்டார். "ஹலோ!" என்ற ஒரே வார்த்தையில் அந்தம்மா கட் செய்துவிட்டார். அன்றிலிருந்து போன் பேசுவது நான் என்று கஸ்தூரி அக்கா தீர்ப்புச் சொன்னார். விலையையே விரலால் காட்டுகிற நான்!

சும்மா சொல்லக் கூடாது, வெப்சைட் அழகாக வந்தது. கேக் படங்கள், ஆர்டர் செய்ய பட்டன், எல்லாம் கச்சிதம். தடைக்காலத்தின் கடைசி நாள், பணம் வருமென்று காத்திருந்தோம். போன்தான் வந்தது.

"ஏனுங்க, நாங்க கேக்குக்கு முட்டையே சேர்க்கறதில்லைங்க. எங்க வெப்சைட்டுல எதுக்குங்க வஞ்சிரம் வறுவல்?"

போனைப் பொத்திக்கொண்டு திரும்பினேன். "அண்ணே, மீன் போட்டீங்களா?"

"கொசுறுமா. துட்டு குட்து வாங்கறாங்கோ, மேல ஒரு கை போடாம அனுப்பலாமா? கஸ்தூரி கைப்பக்குவம். செய்முறையோட போட்டுக்கிறேன்."

போனில் அந்தம்மா, "இதுக்கு நான் பணம் தரமாட்டேனுங்க" என்றார்.

அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. ஏலத்துக்கு மூச்சு இழுப்பது போல நெஞ்சு ஏறியது. வாசலில் கூடையோடு நின்ற கஸ்தூரி அக்கா, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். கண் இரண்டும் பிதுங்க என்னையே பார்த்தார்.

வேர்த்துக் கொட்டியது எனக்கு. "அவரு மீன் ஏலம் கூவறவருங்க. தொண்டைல ஆபரேஷன். இனிமே கத்தக் கூடாது. உங்க வேலதான் முதல் வேல. கொசுறு போடாம குடுத்துப் பழக்கம் இல்லீங்க, அதான்…"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"மீனை எடுத்துடச் சொல்லுங்க. ஆனா கொசுறில்லாம விடமாட்டேனுங்க. சைவமா எதாச்சும் போடச் சொல்லுங்க!"

பிறந்தநாள் குழந்தையின் பெயரைத் தட்டினால் கேக் படத்தின் மேல் அந்தப் பெயர் வருகிற மாதிரி ஒரு பக்கத்தை அண்ணன் மத்தியானத்துக்குள் செய்து சேர்த்தார். சாயந்திரம் பணம் வந்துவிட்டதென்று அவர் போனில் மெசேஜ் வந்தது. கஸ்தூரி அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"அய்ய! ஒரு கூடை மத்தி மீனு வெலகூட இல்லியே" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்தார்.

அண்ணன் போனை என்னிடம் நீட்டினார். குரல் ரகசியம் போல வந்தது.

"முதலாளிக்குப் போட்டு நான் வர்லனு நீயே சொல்லிடுமா. நான் பேசுனா, வரேனு சொல்லிப்புடுவேன்."

சொன்னேன். அண்ணன் அக்காவின் கூடையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கடை அமைதியானது. அஞ்சு மாதமாக நான் ஏங்கிய அமைதி. அதில் ஐந்து நிமிடம்கூட என்னால் உட்கார முடியவில்லை. சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் படகுகள் கடலுக்குப் போயின. அண்ணன் ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தார். மத்தியானம் வரை கரண்ட் இல்லை; அப்படியும் மூன்றாம் நம்பர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.