வளரும் பாறையும் ஒரு பிடி அருள்மண்ணும்

குத்துக்கல்வலசையில் பாறை வளர்கிறது! குற்றாலத்தில் சாரல் ஓய்ந்தாலும் இங்கே கூட்டம் ஓயவில்லை. அருவியில் நனைந்த தலை காயுமுன்னே வேன் பிடித்து வந்துவிடுகிறார்கள். நாலு மாதத்துக்கு முன் இடுப்பளவு இருந்த பாறை, இப்போது நெஞ்சைத் தாண்டிவிட்டதாம்.

நடுவில் பாறை கிடந்ததால் விலைபோகாத மனை அது. விற்கப் பார்த்துச் சலித்த புரோக்கர் நாகராஜன், ஒரு வெள்ளிக்கிழமை காவி கட்டிப் பூகர்ப்பச் சித்தர் ஆனார். பாறையடியில் பக்தர் தம் கையாலேயே ஒரு பிடி அருள்மண் அள்ளிக்கொள்ளலாம். காணிக்கை தனி. அண்மையில் பாறையருகே போக மூன்று படி இறங்க வேண்டியிருந்தது. படி வெட்டிய சித்தரின் கருணையைத்தான் எல்லோரும் மெச்சினார்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு தங்கசாமி முப்பது வருஷம் முழியைப் பார்த்தே திருடனைப் பிடித்தவர். காவிக்கு மேலே இருந்த முழி மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பாறைக்குத் தகரக் கொட்டகை போட்ட அன்றே தூணுக்குக் காங்கிரீட் போட்டு, பாறை உச்சிக்கு நேர்மேலே உத்தரத்திலிருந்து நீண்ட சங்கிலியில் வெண்கல மணியும் கட்டிக் கொடுத்தார்.

அவர் மனைவி ஆனந்தவள்ளிக்குக் கண்ணில் அழுத்தம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் போகும் பார்வை திரும்பாது என்றார் டாக்டர். "பாறை கழுத்தளவு வரட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் கத்தி படக்கூடாது" என்றார் சித்தர். தங்கசாமி ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டார்.

அன்று மனைவியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

"இன்னும் நாலு விரல்தான் ஆச்சி" என்றார் சித்தர்.

ஆனந்தவள்ளி பாறை உச்சியைத் தடவினாள். அங்கிருந்து மேலே விரல் விரித்து அளந்தாள். மணி தட்டுப்பட்டது.

"ஏங்க, மணியக் கட்டும்போது பாறைக்கு மேல எவ்வளவு எடம் விட்டீங்க?"

"ஒரு சாண். நான்தான அளந்து கட்டுனேன்."

"இப்பவும் ஒரு சாண்தான் இருக்கு. ஒரு முழம் வளர்ந்த பாறை மணிய முட்டியிருக்கணும்லா?"

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. இத்தனை நாள் மணியை அடித்தார்களே தவிர, ஒருவரும் பார்த்ததில்லை.

"மணியும் சேந்து வளருதும்மா!" என்றார் சித்தர்.

"தகரமும் தூணுமா சாமி?" என்றாள் ஆனந்தவள்ளி. "பாறை கெடந்த எடத்துலதான் கெடக்கு. கும்பிட வந்தவங்க அள்ளிட்டுப் போன மண்ணுதான் கொறஞ்சிருக்கு. மலையில பாறை வெளிய தெரியுததும் இப்படித்தான். மழை கொஞ்சங்கொஞ்சமா மண்ண அரிச்சுது. அதுக்கு லட்சக்கணக்குல வருசம் ஆச்சு. இவங்களுக்கு நாலு மாசம் போதும்!"

தங்கசாமிக்கு நெஞ்சு கொதித்தது. சித்தர்மேல் பாதி, தன்மேல் பாதி.

"ஏலே நாகராசா, நட லே ஸ்டேஷனுக்கு!"

"ஸ்டேஷனுக்குப் பொறவு போலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள் ஆனந்தவள்ளி.

ஆபரேஷன் முடிந்தது. இருந்த பார்வை தங்கியது. காத்திருந்த நாட்களில் போன பார்வை போனதுதான்; அதை எந்தச் சித்தரும் திருப்பித் தரவில்லை.

ஒருவன் உங்கள் கண்முன்னே உயர்ந்துகொண்டே போகிறானா? கையெடுத்துக் கும்பிடுமுன் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அவன் வளர்ந்திருக்க மாட்டான். நீங்கள்தான் உங்கள் காலடி மண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டுக் குழிக்குள் நிற்பீர்கள்.