வாத்துப் பாலுக்குக் கருமக்கிரியை

குழந்தை என்று ஒன்று பிறந்தால் அது பால் குடிக்கும். இந்த உண்மை மலாக்கா மாநிலத்தில் பெற்றோருக்குத் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். பால்மா கம்பெனிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

குருபோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் வசிக்கும் யுகேந்திரனுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பெயர் தேவிஸ்ரீ. அவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மனைவி புனிதாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. ஆகையால் தேவிஸ்ரீயை வளர்க்கும் பொறுப்பை ஒரு வாத்து ஏற்றுக்கொண்டிருந்தது.

வாத்து என்றால் டின்னில் இருக்கும் வாத்து. அந்தப் பால்மாவுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் முழுசாகப் படித்ததில்லை. மஞ்சள் டின், நடுவில் தொப்பி போட்ட வாத்துக்குஞ்சு. "வாத்துச் சாப்பு" என்று, அதாவது வாத்து மார்க் என்று, கேட்டால் தெங்கேராவிலிருந்து தஞ்சோங் கிளிங் வரைக்கும் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மாதச் சம்பளக்காரன் மூச்சுத் திணறாமல் வாங்கக்கூடிய விலை. குடித்த குழந்தைகளும் கொழுகொழுவென்றுதான் இருந்தன. இப்படிப்பட்ட ஒரு பொருளை எந்தக் கம்பெனிதான் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருக்கும்?

ஒரு நாள் கடையில் வாத்து இல்லை.

"வாத்து நின்னு போச்சு தம்பி. அதுக்குப் பதிலா இது வந்திருக்கு" என்று கடைக்காரர் கணேசமூர்த்தி ஒரு தங்க நிற டின்னை எடுத்து வைத்தார். அதில் ஒரு குழந்தை, கண்ணாடி போட்டுக்கொண்டு பட்டதாரி அங்கியோடு நின்றது. தலைக்கு மேலே ஒரு கிரீடம். பெயர் ராயல் ஜீனியஸ் கோல்டு. விலையைப் பார்த்த யுகேந்திரன், தவறாக வேறு எதற்கோ உள்ள விலையை ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்தான்.

"இதுல என்னண்ணே இருக்கு?"

"அதே மாவுதான்னு நெனைக்கிறேன். அதே கம்பெனி, அதே லோரி, அதே டிரைவரு. டின்னு மட்டும் புதுசு."

"அப்புறம் ஏன் டபுள் வெல?"

"கிரீடம் போட்டிருக்கான்ல லா" என்றார் கணேசமூர்த்தி.

வேறு வழியில்லாமல் வாங்கிப் போனான். தேவிஸ்ரீ கிரீடத்துக்குத் தனி மரியாதை எதுவும் கொடுக்கவில்லை. குடித்தாள், ஏப்பம் விட்டாள், பழைய மாதிரியே துணியை நனைத்தாள். ஜீனியஸ் ஆவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள், புனிதா பால் கலக்குவதை யுகேந்திரன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"நாலு கரண்டி போடணும்ல?"

"மூணு போட்டேன்."

"ஏன்?"

"சம்பளம் வர்ற வரைக்கும் டின்னு வரணும்ல." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. புட்டியை ரொம்ப நேரம் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

பெற்ற பிள்ளைக்குப் பால் தண்ணியாகப் போகிறது, அதைத் தான் கவனிக்கவே இல்லை என்பது யுகேந்திரனை வெட்கப்படுத்தியது. பாலில் தண்ணீர் கலப்பதைப் பால்காரன் செய்தால் குற்றம். தாய் செய்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயர். இந்தச் சிக்கனத்துக்கு ஒரு முடிவு கட்டுவது என்று மறுநாளே லீவு போட்டுவிட்டு விலைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போனான்.

அங்கே அதிகாரி ஹரிதாஸ் இருந்தார். நல்ல மனிதர், நம்ம ஆள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கனிவாகவே விசாரித்தார்.

"சார், பால்மா வெலைய ஏத்திட்டாங்க."

"எந்தப் பால்மா தம்பி?"

"வாத்து."

ஹரிதாஸ் கணினியைத் தட்டினார். "வாத்து வெல ஏறலயே. கடைசியா என்ன வெலயோ அதேதான் இருக்கு."

"வாத்தே இல்ல சார் இப்ப!"

"இல்லாத பொருளுக்கு எப்படித் தம்பி வெல ஏறும்?"

யுகேந்திரன் கொஞ்சம் யோசித்தான். "சரி, அந்தத் தங்க டின்னு?"

"அது இப்பதான் பொறந்துச்சு. பொறக்கும்போதே அதான் வெல. அதுவும் ஏறல."

"ரெண்டும் ஒரே மாவு சார்!"

"அப்படியா?" ஹரிதாஸ் முகம் மலர்ந்தது. "ஒரே மாவுன்னா வாத்து இன்னும் கெடைக்குதுன்னு அர்த்தம். கெடைக்கிற பொருளக் கெடைக்கலன்னு எப்படிப் புகார் எழுதறது?"

"வேற மாவுன்னா?"

"வேற மாவுன்னா வேற வெல. நியாயம்தானே?"

சுவரில் 'தாய்ப்பாலே தலைசிறந்தது' என்று ஒரு சுவரொட்டி இருந்தது. அதன் அடியில், அன்பளிப்பு என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு கிரீடம்.

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"பாருங்க தம்பி, கம்பெனி எங்கயுமே வாத்த நிறுத்திட்டோம்னு சொல்லல. 'அடுத்த கட்டத்துக்கு உயர்ந்துள்ளது'ன்னுதான் சொல்லியிருக்கு. வாத்து செத்துப் போச்சுன்னு ஒரு ஆதாரம் கொண்டாங்க. நானே முன்னால நின்னு புகார எடுத்துக்கறேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் யுகேந்திரன் இதையே நினைத்துக்கொண்டு வந்தான். நம்மவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு டாக்டர் கொடுக்கும் சான்றை யார் நம்புகிறார்கள்? தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு வந்தால்தான் ஊர் நம்பும். காரியத்துக்குச் சாப்பாடு போட்டால்தான் உறவு நம்பும். அதிகாரியும் நம்ம ஆள்தானே!

பக்கத்துத் தெரு உஷாராணி அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு டின் வாங்கும் வீட்டுக்கே மூச்சு முட்டும்போது அவள் வீட்டில் இரண்டு வாய். அந்த வட்டாரத்துத் தாய்மாரின் வாட்சாப் குழுவுக்கும் அவள்தான் தலைவி. விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள். "செம்மயா செஞ்சுருவோம் தம்பி!" என்றாள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் கால் பக்கத்துக்கு, கறுப்புக் கட்டத்துக்குள் தொப்பி போட்ட வாத்தின் படத்தோடு விளம்பரம் வந்தது.

'கண்ணீர் அஞ்சலி. குருபோங் வட்டாரக் குழந்தைகளின் வளர்ப்புத் தாயார் அமரர் வாத்துப் பால் அவர்கள் அகால மரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த துயருடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் கருமக்கிரியை வரும் ஞாயிறு காலை தாமான் மண்டபத்தில் நடைபெறும். உற்றார், உறவினர், புட்டிக் குழந்தைகள் அனைவரும் வந்து கலந்துகொள்ள வேண்டுகிறோம். இங்ஙனம், துயரில் வாடும் பெற்றோர்.'

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கிரியை செய்ய வந்த பண்டாரம் காளிமுத்து முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட்டார். "இங்க பாருங்க, தொழில்ல எனக்கு வெளயாட்டு கெடையாது. பண்ணுனா முழுசாப் பண்ணுவேன்."

"முழுசாவே பண்ணுங்கய்யா" என்றான் யுகேந்திரன்.

"இறந்தவங்க நட்சத்திரம்?"

டின்னைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்த தேதியைக் காட்டினார்கள். பண்டாரம் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்.

"கோத்திரம்?"

யாருக்கும் தெரியவில்லை. சிவகோத்திரம் என்று வைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சது என்ன? படையல்ல வைக்கணும்."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. "வெந்நி" என்றாள் புனிதா. வெந்நீர் வைக்கப்பட்டது.

மாலை போட்ட வாத்தின் முன்னால் சூடம் எரிந்தது. வீடியோவுக்காக உஷாராணி ஒப்பாரியை எடுத்துவிட்டாள். "எம்புள்ள ரெண்டயும் வளத்த வாத்தே, எங்கள விட்டுட்டுப் போனியே" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். இரண்டாவது அடியிலேயே குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நிஜமாகவே அழத் தொடங்கினார்கள். எல்லார் வீட்டிலும் கரண்டி குறைந்திருந்தது. அதை யாரும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். யுகேந்திரனும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நடுவில் கம்பெனியிடமிருந்து ஒரு மலர் வளையம் வந்து சேர்ந்தது. 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி, பக்கத்தில் கிரீடம் போட்டிருந்தார்கள். கிரியை முடிந்ததும் எல்லாரும் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கிடைத்த கடைசி வாத்து டின்னில் மிச்சமிருந்த மாவை முறைப்படி கடலில் கரைத்தார்கள். அது ஒரு பிள்ளைக்கு இரண்டு நாளைக்குக் காணும். அந்த நேரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. "திரும்பிப் பாக்காம நடங்க" என்றார் பண்டாரம். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. வாத்துக்காக அழும் தாய்மாரைப் பார்த்துக் கோலாலம்பூரில் கம்பெனி பயந்துவிட்டது. அதன் விளம்பரப் பிரிவு மேலாளர் தினேஷ்வரன் கோட்டுப் போட்டுக்கொண்டு குருபோங்குக்கே வந்தார். "உங்கள் குரல் எங்கள் இதயத்தைத் தொட்டது. வாத்து மீண்டும் வருகிறது, அதே மாவு, அதே விலை" என்று அறிவித்தார். பக்கத்தில் நின்று ஹரிதாஸ் கைதட்டினார். 'அதிகாரிகளின் துரித நடவடிக்கை' என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. கணேசமூர்த்தி கடையில் மஞ்சள் டின்கள் கோபுரமாக அடுக்கப்பட்டன. ஏழைகள் ஒன்றுசேர்ந்து ஒரு கம்பெனியை வென்றுவிட்டார்கள். வாட்சாப் குழுவில் அன்றெல்லாம் வாணவேடிக்கைதான்.

யுகேந்திரன் இரண்டு டின்களை அணைத்துக்கொண்டு வீட்டு கேட்டருகில் வந்தான். புனிதா வாசலிலேயே நிறுத்தினாள்.

"அத உள்ள கொண்டாறாதீங்க."

"ஏன்? வாத்துதான். பழைய வெல லா!"

"கருமாதி பண்ண பாலு."

"புனிதா, அது சும்மா வெளயாட்டுக்குப் பண்ணது."

"பண்டாரம் வெளயாட்டுக்கா மந்திரம் சொன்னாரு? படையல் வச்சோம், கடல்ல கரச்சோம், திரும்பிப் பாக்காம வந்தோம். இப்ப அதையே எடுத்து எம்புள்ள வாயில ஊத்தச் சொல்றீங்களா?"

"இது வேற டின்னு. புதுசா செஞ்சது."

"வேறன்னா அந்தக் கோட்டுப் போட்ட ஆளு ஏன் அதே மாவுன்னு சொன்னாரு?"

"சரி, அதே மாவுதான்."

"அதேன்னா இன்னும் மோசம்" என்றாள் புனிதா.

யுகேந்திரன் பகுத்தறிவு உள்ளவன். பூனை குறுக்கே போனாலும் நிற்காமல் ஃபோர்க்லிஃப்டை ஓட்டுகிறவன். ஆகையால் நெடுநேரம் நியாயமாக வாதாடினான். பிறகு டின்களைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு, பின்பக்கமாகப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் ஒரு டின்னைத் தானே திறந்தான். அதே வாசனை. கரண்டியை உள்ளே விட்டான். நாளைக்கே பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் புனிதா என்ன சொல்வாள் என்று யோசித்தான். அப்புறம், தானே என்ன நினைப்பான் என்று யோசித்தான். கிரியையில் மாலை போட்டுக்கொண்டிருந்த முகம்தான் டின்னிலும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்துவிட்டு மூடியைப் போட்டு இறுக்கினான்.

உஷாராணி அக்காவிடம் போய்க் கேட்டான். "நான் வாங்கல தம்பி" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒப்பாரி வச்ச வாயி. நம்ம புள்ளைங்களுக்கு வேணாம். மத்தவங்க வாங்கட்டும். ஆனா ஜெயிச்சிட்டோம் லா, அதான் முக்கியம்!" குழுவில் விசாரித்தால் எல்லாரும் மற்றவர்கள் வாங்குவார்கள் என்றுதான் இருந்தார்கள். கணேசமூர்த்தி கடையில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மஞ்சள் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்க டின்னை எடுத்தார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். தேவை கூடியதால் தங்க டின்னின் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. இந்த முறை நிஜமாகவே ஏறியது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் வாயில்லை.

மாதம் ஒன்று போனதும் கம்பெனி விற்காத வாத்துகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்று மாலை ஹரிதாஸிடமிருந்து போன் வந்தது. யுகேந்திரன் அடுப்படியில் பால் கலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தொட்டிலில் தேவிஸ்ரீ அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, நல்ல சேதி! வாத்த நிறுத்திட்டோம்னு கம்பெனி இப்ப எழுத்துலயே குடுத்திருச்சு. நான் அன்னிக்குக் கேட்ட ஆதாரம் இப்ப கையில இருக்கு. வாங்க, ஒடனே புகார எடுத்துக்கறேன்."

"யார் மேல சார் புகார்?"

"அத எழுதியிருக்கான் பாருங்க, படிக்கிறேன். 'பெற்றோரின் விருப்பத்துக்கு இணங்க நிறுத்தப்படுகிறது.' அப்ப பெத்தவங்க மேலதான். நீங்களே வந்து உங்க மேல குடுத்துட்டா வேல சுலபம், கண்டிப்பா நடவடிக்க எடுப்பேன்."

யுகேந்திரன் மூன்றாவது கரண்டியைப் போட்டுத் தங்க டின்னை மூடினான். தேவிஸ்ரீ வீறிட்டாள்.

"யாரு தம்பி அழுவுறது?"

"எங்க பாப்பா சார்."

"பசியா இருக்கும், மொதல்ல பால் குடுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனை வைத்தார்.