சித்தப்பாவைச் சாகவிடாத சரித்திரம்

ஸ்டாம்பர் மேடு, கென்டக்கி

நான்கு நாவல்கள் எழுதி நாற்பத்தெட்டு மாநிலங்களை அழவைத்து, இப்போது சரித்திரத்திலும் கைவைத்திருக்கும் என் அண்ணன் மகள் கொரீனுக்கு, இம்மாவட்டத்தின் பேரழகன் சித்தப்பா தாடியஸ் எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் இங்கு சௌக்கியம். நீயும் உன் பேனாவும் சௌக்கியந்தானே?

ஜூலையில் நம் ஊரார் உள்நாட்டுப் போரை நடித்துக்காட்டும்போது, வடக்குப் படையின் நீலக் கம்பளிக் கோட்டோடு, முதல் வெடியிலேயே, பெரிய ஓக் மர நிழலாகப் பார்த்து விழுந்து சாவது என் பிறப்புரிமை என்பது உனக்குத் தெரியும். அந்தச் சாவைப் பார்த்து ஒருமுறை எதிரிப் படையின் குதிரையே விக்கி விக்கி அழுதது. செத்தபின் பெரிய வேலை கிடையாது. பக்கத்துப் பலகாரக் கடை வெர்னா, அடுப்புச் சூடு ஆறாத ஆப்பிள் பைப் பலகாரத்தைப் பிணத்துக்கு ஊட்டிவிடுவாள். இப்படி நிம்மதியாகச் செத்துக்கொண்டிருந்தவன் வீட்டுக்கு, போன வாரம் எங்கள் கேப்டன், அதாவது முடிவெட்டும் வெண்டல், உன் சரித்திரப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"தாடியஸு, அந்த நெசப் போருல நம்ம ஊருப் படையில ஒருத்தன்கூட சாகலன்னு ஒங்க கொரீன் எழுதியிருக்கா. இந்த வருசம் நீ உசுரோடதான் இருக்கணும்."

"உசுரோட இருந்து என்னத்தடா பண்ண?"

"குன்னு மேல ஏற உத்தரவு வந்துச்சாம். ஏறு!"

அந்த வெயிலில், அந்தக் கம்பளிக் கோட்டில், இந்த வயிற்றோடு! வெர்னாவிடம் முறையிட்டால், "இத்தன வருசமா செத்துச் செத்தே பொழச்ச மனுசன் நீ, ஒரு தடவ பொழச்சுத்தான் செத்துப்பாரேன்" என்று சிரிக்கிறாள்.

மகளே, உன் நாவல்களில் தும்மியவனெல்லாம் அத்தியாயம் முடிவதற்குள் செத்துப்போகிறான். முதல் நாவலில் ஒரே காய்ச்சலில் ஊரையே வாரிக்கொடுத்தாய். சரித்திரத்தில் மட்டும் ஏனம்மா இந்தக் கஞ்சத்தனம்? சாகாவரம் உன்னிடம் யார் கேட்டார்கள்? இரண்டாம் பதிப்பில் ஒரே ஒருத்தனை, கொஞ்சம் பருத்தவனாக, ஓக் மரத்தடியில் சாய்த்துவிடு. சித்தப்பன் வாயார வாழ்த்துவேன். உன் மை வற்றாதிருக்கட்டும், அச்சடித்து அச்சடித்தே உன் பதிப்பாளருக்குத் தூக்கம் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சாவுக்கு ஏங்கும் சித்தப்பா,
தாடியஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன், வெண்டல் படித்து நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். குன்றேறப் புறப்பட்ட படை வழியில் ஒரு பீச் தோட்டத்தைக் கண்டு, சண்டை முடியும்வரை பழம் தின்றுகொண்டே உட்கார்ந்துவிட்டதாமே! அதனால்தான் யாரும் சாகவில்லையாமே! வெண்டலிடம் காட்டினேன், தொப்பியைக் கழற்றித் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வெர்னா பீச் பழத்தில் பை சுட அடுப்பு மூட்டிவிட்டாள். சரித்திரம் புனிதமானது, கொரீன். ஓர் எழுத்தை மாற்றினாயோ, என் முகத்தில் விழிக்காதே.