கூரை மேல் ஓர் உயரிய இடம்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் இனப் பாகுபாடு சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள், இடைவேளை உட்பட, ஒழிக்கப்படவிருந்தது. ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்துக் கறுப்பர்களைக் கூரை மேல் தவிக்கவிட்ட அந்தப் பெரும் புயலைப் பற்றி, வெள்ளைக்காரப் புரவலர்கள் ஆதரவில் ஓர் இசை நாடகம். அதில் டிராம்போன் ஊதும் வெர்லீனுக்கு ஒரே கோரிக்கை: அம்மாவுக்கு ஒரு நாற்காலி.

"நாற்காலியெல்லாம் புரவலர்களுக்குப் போயிடுச்சு," என்றார் இயக்குநர் பிரெஸ்டன். "உங்கம்மாவுக்கு அதைவிட உயர்ந்த இடம் வெச்சிருக்கேன்."

உயரம் பதினோரு அடி. அட்டையும் பலகையுமாக மேடையில் கட்டிய கூரை. பதவியின் பெயர் 'உயிருள்ள சாட்சி'.

வெர்லீனின் தாய் ஆக்டேவியா அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "நிஜக் கூரையிலயே ரெண்டு நாள் உக்காந்தாச்சு தம்பி. முட்டி அங்கயே போச்சு."

"நாற்காலி போட்டா 'உண்மைத்தன்மை' போயிடும், மேடம்."

ஒத்திகையில் அவள் கூரையிலிருந்து கைக்குட்டையை ஆட்டி உதவி கேட்டாள். பிரெஸ்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு நேரமா? பாக்கறவங்களுக்கு அலுத்துடும்."

"எங்களுக்கும்தான் அப்ப அலுத்துது," என்றாள் அம்மாள்.

அரங்கேற்றத்தன்று மழை கொட்டியது. மழைநீரை வெளியேற்ற வேண்டிய நகரத்துப் பம்புகள் வழக்கம்போல் தங்கள் கடமையைப் பரிசீலித்துக்கொண்டிருந்தன. இரண்டாம் காட்சியில் முழங்காலளவு தண்ணீர் டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்தது. ஆட்களை மீட்க உயரமான லாரி ஒன்று பக்கக் கதவருகே வந்து நின்றது. பிரெஸ்டன் பட்டியலைப் பிரித்தார். புரவலர்கள், புரவலர்களின் நண்பர்கள், ஒரு புரவலரின் நாய்.

"அம்மாவ முதல்ல ஏத்துங்க," என்றாள் வெர்லீன். "அவங்களால தண்ணில நடக்க முடியாது."

"பதறாதீங்க. இருக்கறதுலயே பாதுகாப்பான இடம் கூரைதான். உங்க குடும்பத்துக்கு அனுபவமும் இருக்கு." சொல்லிவிட்டு அவரும் லாரியில் ஏறிக்கொண்டார்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது. வெர்லீன் அம்மா இருந்த கூரைக்கு ஏறினாள். கீழே அட்டை ஊறிக்கொண்டிருந்தது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து டிராம்போனை ஊதினாள். அம்மாள் எழுந்து, திறந்திருந்த பக்கக் கதவு வழியே லாரியைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினாள்.

இந்த ஊரில் ஊர்வல வாத்தியம் கேட்டால் கைக்குட்டையை எடுத்து ஆட்டி ஆடுவது மரியாதை. மரியாதை தெரிந்த புரவலர்கள் அத்தனை பேரும் லாரியில் எழுந்து நின்றார்கள். வெள்ளைக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஒருவர் அதிலேயே கண்ணைத் துடைத்துவிட்டு ஆட்டினார். அவர்கள் ஆட்டிக்கொண்டே இருக்க, லாரி தெருமுனை திரும்பியது.

அம்மாள் கையைக் கீழே விட்டாள்.

"போன தடவ ஹெலிகாப்டர் பாக்காமலே போச்சு," என்றாள். "இவங்க நல்லாப் பாத்துட்டுப் போறாங்க. நாடகம் வீண் போகல, கண்ணு."